ஓரங்குலப் படம் காட்டும் வன்னி: பழைய இடவிளக்கப் படங்களைச் சான்றாகக் கொள்ளும் முறை பற்றிய ஓர் ஆய்வு

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தமிழ் இலக்கண மரபு. மாந்தர் ஒழுக்கத்தை ஆராயப் புகுந்த முன்னையோர், அவ்வொழுக்கம் நிகழும் இடத்தையும் காலத்தையும் முதலில் வரையறுத்த பின்னரே ஏனையவற்றைக் கூறினர். புவியியலாளர் கையாளும் இடவிளக்கப் படமோ இவ்விரண்டினுள் நிலத்தை மட்டுமே வெளிப்படையாகக் காட்டுகின்றது. பொழுது அதன் ஓரத்தில் அச்சிட்ட ஓர் ஆண்டு எண்ணாகச் சுருங்கிக் கிடக்கின்றது. ஒரே நிலப்பரப்பினை வெவ்வேறு காலங்களில் வரைந்த இரு படங்களை அருகருகே வைத்து நோக்குமிடத்துத்தான் பொழுதும் புலனாகத் தொடங்கும். அப்பொழுது படம் வழிகாட்டும் கருவி என்ற நிலையினின்று உயர்ந்து வரலாற்றுச் சான்றாகின்றது.

சான்று எதுவாயினும் அதனை வினாவி ஆராய்தல் வேண்டும். சாசனத்தையும் ஏட்டையும் ஐயுற்று ஆராயும் வரலாற்று மாணவர், அரசாங்கம் அச்சிட்ட படத்தை மட்டும் ஐயுறாது ஏற்றுக்கொள்வதைக் காணலாம். வேறு சிலரோ, படங்கள் யாவும் அந்நிய ஆட்சியாளர் தம் நலங்கருதி வரைந்தவை எனக் கூறி அவற்றை முற்றாகத் தள்ளிவிடுவர். இவ்விரு கொள்கையும் பொருந்தா. ஒரு கிராமப்புறத்தின் மாற்றத்தை அறிவதற்குப் பழைய இடவிளக்கப் படம் எத்துணைப் பயன்படும், எவ்விடத்தில் அது வழுவும் என்பதை ஓர் உண்மையான நிலப்பரப்பைக் கொண்டே துணிதல் வேண்டும். ஆனையிறவிற்குத் தெற்கே குளங்களும் காடும் வயலுமாகப் பரந்துள்ள வன்னி அதற்கு ஏற்றதோர் இடமாகும். ஒரு நூற்றாண்டுக் காலத்தில் அந்நிலம் அடைந்த மாற்றங்கள் பலவாதலின், அதனைக் காட்டும் படங்களின் நிறையும் குறையும் அங்கே தெளிவாகப் புலப்படும்.

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2 ஆந் திகதி, தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் காலத்தில் நிறுவப்பட்டது. எனினும், தீவு முழுவதையும் ஒரே அளவுத்திட்டத்தில் காட்டும் இடவிளக்கப் படத் தொகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியிலேயே உருவாயிற்று. ஒரு மைல் தூரத்தை ஓரங்குலத்தாற் காட்டும் இப்படங்கள் 72 தாள்களாக அமைந்தவை. அளவுத்திட்டம் 1:63,360 ஆகும். ஆசிரியரும் மாணவரும் 'ஓரங்குலப் படம்' என நெடுங்காலம் வழங்கியது இதனையே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெற்றிக் முறைப்படி 1:50,000 என்னும் அளவுத்திட்டத்தில் 92 தாள்களைக் கொண்ட புதிய தொகுதி இதன் இடத்தைப் பெற்றது. ஆகவே, பழைய ஓரங்குலத் தாள், அதன் பிந்திய திருத்தப் பதிப்பு, மெற்றிக் தாள் என ஒரே இடத்துக்குக் குறைந்தது மூன்று காலத்துப் படங்களை ஆராய்வோர் பெறக்கூடும்.

அளவுத்திட்டத்தின் பொருளை முதலில் உணர்தல் வேண்டும். ஓரங்குலப் படத்தில் ஒரு சதுர அங்குலம் ஒரு சதுர மைலைக் குறிக்கும். அஃதாவது 640 ஏக்கர். பத்து ஏக்கர் பரப்புள்ள ஒரு கிராமக் குளம் அங்குலத்தின் எட்டிலொரு பங்கைப் பக்கமாகக் கொண்ட சிறு சதுரத்துள் அடங்கிவிடும். ஐம்பதிலொரு அங்குல அகலத்தில் வரைந்த ஒரு தெருக்கோடு நிலத்தில் ஏறத்தாழ 105 அடியை மூடிக்கொள்ளும். வண்டிப்பாதை எதுவும் அத்துணை அகலமுடையதன்று. எனவே, படத்திலுள்ள கோடு தெரு உண்டு என்பதற்கும் அதன் போக்கிற்கும் சான்றாகுமேயன்றி, அதன் அகலத்திற்குச் சான்றாகாது. இரு காணிகளுக்கிடையிலுள்ள வேலி நாற்பதடி இப்பாலா அப்பாலா என்னும் வழக்கை ஓரங்குலப் படத்தைக் கொண்டு தீர்க்க முனைவோர், அப்படம் சொல்ல இயலாத ஒன்றை அதன் வாயில் வைக்கின்றனர்.

அளவுத்திட்டத்தைப் போலவே படம் வரைந்ததன் நோக்கமும் ஆராயத்தக்கது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் குடியிருப்போ பயிர்ச்செய்கையோ அற்றனவாகவும் உள்ள நிலங்கள், மறுதலையாக நிறுவப்படும் வரை, முடிக்குரியன எனக் கொள்ள வழிசெய்தது. இத்தகைய சட்டம் நிலவிய நாட்டில் படத்தில் 'காடு' என இடப்படும் பச்சை நிறம் வெறும் தாவர விளக்கமாக நின்றுவிடாது. பயிரிடப்பட்ட நிலம் எது, பயிரிடப்படாத நிலம் எது என்னும் பாகுபாடே உரிமையைத் தீர்மானிக்க வல்லதாயிருந்தது. வன்னியிலோ காட்டை வெட்டி எரித்துச் சேனை செய்து, சில ஆண்டு பயிரிட்டு, பின் அதனைக் காடேற விட்டு வேறிடம் பெயர்தல் நெடுநாளைய வழக்கம். அளவையாளர் சென்ற ஆண்டில் பயிர் நின்ற சேனை ஒரு குறியீட்டைப் பெற்றது. அதற்கு மூன்றாண்டு முன் கைவிடப்பட்ட சேனை காடாகவே தோன்றியது. இரண்டும் ஒரே கிராமத்தாரின் வாழ்வாதாரத்துக்குரிய நிலங்களே. சுழன்று வரும் ஒரு பயிர்முறையை ஒரு கணத்தில் நிறுத்திக் காட்டிய படம், அதனைக் காடும் வயலுமாகப் பிரித்துவிட்டது. ஆகவே, பழைய படத்தில் காடாகக் காணப்படும் இடம் யாவும் மனிதர் கைபடாத இடம் எனக் கொள்ளுதல் தவறு.

படங்களை ஒப்பிட்டுக் கிராம மாற்றத்தை அறியும் முறைக்கு அயர்லாந்து தேசம் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். நிலவரியை ஒழுங்குசெய்யும் நோக்குடன் 1824 இல் அங்கே தொடங்கிய நில அளவை, தோமஸ் கொல்பி என்பவரின் தலைமையில், ஒரு மைலுக்கு ஆறங்குலம் என்னும் பெரிய அளவுத்திட்டத்தில் நாடு முழுவதையும் வரைந்தது. 1833 இல் டெரி மாவட்டப் படம் வெளிவந்தது; 1846 இல் கெரி மாவட்டத்தோடு அப்பணி நிறைவுற்றது. உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கத் தொடங்கியது 1845 இல். பெரும் பஞ்சத்தின் வாயிலில் நின்ற ஒரு நாட்டை, அது குலைவதற்குச் சற்று முன்னர், குடிசை குடிசையாகப் பதிந்து வைத்த பெருமை அப்படங்களுக்கு உண்டு. 1841 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 8,175,124 ஆக இருந்த மக்கள் தொகை 1851 இல் 6,552,385 ஆகக் குறைந்தது. மேற்குக் கரையோரத்தில் நெருங்கித் திரண்டிருந்த சிற்றூர்கள் பலவற்றைப் பிந்திய படங்களில் காணல் அரிது. அவ்விடங்களில் தனித்தனி வீடுகளும் நேர்கோட்டு வேலிகளும் தோன்றுகின்றன. எண்கள் எத்தனை பேர் குறைந்தனர் என்று கூறும். எந்த மலைச்சாரலில், எந்த ஓடைக்கரையில் இருந்த ஊர் இல்லாதொழிந்தது என்பதைப் படமே கூறும்.

ஆயினும் அப்படங்களும் குறையற்றனவல்ல. முதலில் வரைந்த வடமாவட்டத் தாள்களில் வயல் எல்லைகள் காட்டப்படவில்லை. பின்னர் வரைந்த மாவட்டங்களிலேயே அவை இடம்பெற்றன. ஆகவே, முதற் பதிப்பில் வேலியில்லாத நிலமும் அடுத்த பதிப்பில் வேலியுள்ள நிலமும் தோன்றுவதைக் கண்டு, இடைப்பட்ட காலத்தில் வேலி அடைக்கப்பட்டது என முடிவு செய்வோர் ஏமாறுவர். மாறியது நிலமன்று, வரையும் விதியே. ஊர்ப்பெயர்களை ஆராய்வதற்கு யோன் ஓடொனவன் போன்ற மொழியறிஞர் அமர்த்தப்பட்டனர் எனினும், ஐரிஷ் மொழிப் பெயர்கள் ஆங்கில எழுத்துக்கும் நாவுக்கும் இசைந்த வடிவிலேயே அச்சேறின. யே. எச். அன்றூஸ் 1975 இல் வெளியிட்ட ஆய்வுநூல் இவ்வளவையின் வரலாற்றை விரிவாகக் கூறுகின்றது. படத்தைச் சான்றாகக் கொள்வதற்கு முன் படம் உருவான கதையை அறிதல் வேண்டும் என்னும் பாடத்தை இவ்வெடுத்துக்காட்டு நன்கு உணர்த்தும்.

இனி வன்னிக்கு வருவோர் ஓரங்குலத் தாளில் முதலிற் காண்பன குளங்களே. நீர் நிறைந்த பெருங் குளங்களும், ஊருக்கு ஒன்றாக அமைந்த சிறு குளங்களும், உடைந்த கட்டோடு 'கைவிடப்பட்ட குளம்' எனக் குறிக்கப்பட்டவையும் அதில் உண்டு. ஆறுகளின் கிளைகள்தோறும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குளங்கள் தொடர்ந்திருப்பதையும், மேற்குளத்து வான் பாய்ந்து கீழ்க்குளத்தை நிரப்புவதையும் படம் ஒரு பார்வையிலேயே காட்டிவிடுகின்றது. ஒரு குளக்கட்டின் மேல் நின்று நோக்கும் உழவருக்கு இத்தொடர்பு பகுதியாகவே தெரியும். தொகுத்துக் காணுதல் படத்தின் தனிச்சிறப்பு. ஆர். எல். புறோகியர் 1934, 1935 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பண்டைய நீர்ப்பாசன வேலைகள் பற்றிய நூல், நில அளவைத் துறையிற் பணியாற்றிய ஒருவராலேயே எழுதப்பட்டமை தற்செயலன்று.

கைவிடப்பட்ட இக்குளங்களைக் கண்டவுடன் எழும் ஒரு முடிவு உண்டு. 'இத்தனை குளங்களும் ஒருகாலத்தில் நிரம்பி நின்றன. ஆதலின் வன்னியில் ஒரு காலத்தே பெருந்தொகையான மக்கள் வாழ்ந்தனர்' என்பதே அது. உள்ளத்துக்கு உவப்பான முடிவாயினும் படம் அதனை நிறுவவில்லை. தாளின் ஓரத்தில் ஓர் ஆண்டே அச்சிடப்பட்டிருப்பினும், தாளினுள்ளே பல நூற்றாண்டுகளின் சுவடுகள் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒரு குளம் தூர்ந்த பின் அடுத்த குளம் கட்டப்பட்டிருக்கலாம். ஓர் ஊர் பெயர்ந்து சென்று இன்னோரிடத்தில் கட்டு எழுப்பியிருக்கலாம். எட்மண்ட் லீச் 1959 இல் எழுதிய கட்டுரையொன்றில், இலங்கையின் பெரிய நீர்ப்பாசன அமைப்புகள் பல நூற்றாண்டுகளில் சிறிது சிறிதாக வளர்ந்தவை எனவும், கிராமக் குளங்கள் ஊராரின் முயற்சியாலேயே நிலைபெறக்கூடியவை எனவும் வாதித்தார். பெருநீர்ப்பாசனம் பேரரசின் சர்வாதிகாரத்தை வேண்டி நிற்கும் என்னும் விற்போகலின் கொள்கையை மறுப்பதற்காக எழுந்தது அவ்வாதம். அதனை முழுவதும் ஏற்பினும் ஏலாதொழியினும், ஒரே தாளில் காணப்படுவன யாவும் ஒரே காலத்தன எனக் கொள்ளலாகாது என்னும் எச்சரிக்கை மறுக்கற்பாலதன்று.

குளத்தின் நீலநிறமும் தன்னளவில் ஒரு பொதுமையாக்கமே. வடகீழ்ப் பருவக்காற்று மழையால் மார்கழி, தை மாதங்களில் அலைகரை வரை நிறையும் குளம், ஆடி, ஆவணியில் துருசு வாயில் சிறு மடுவாக ஒடுங்கும். பல சிறு குளங்களின் அடிநிலத்தில் அக்காலத்து மாடு மேயும். படத்தில் அது ஆண்டு முழுவதும் நீலமாகவே இருக்கும். இரு படங்களில் ஒரு குளத்தின் பரப்பு வேறுபட்டிருப்பின், அது கட்டு உயர்த்தப்பட்டதன் விளைவா, தூர்ந்ததன் விளைவா, அன்றி அளவை செய்த பருவத்தின் விளைவா என்பதை ஆராய்ந்தே கூறுதல் வேண்டும்.

சமவுயரக்கோடுகளைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஓரங்குலப் படத்தில் அவை 100 அடி இடைவெளியில் வரையப்பட்டன. மலைநாட்டின் ஏற்றத்தாழ்வைக் காட்ட அவ்விடைவெளி போதுமானது. வவுனியாவிலிருந்து ஆனையிறவு நோக்கி மெல்லச் சரிந்து செல்லும் நிலத்திலோ, ஒரு கோட்டிற்கும் மறு கோட்டிற்கும் இடையில் பல மைல் வெறுமையாகக் கிடக்கும். வன்னி வாழ்வு சில அடி உயர வேறுபாட்டையே நம்பியுள்ளது. எங்கே கட்டு எழுப்பினால் நீர் தேங்கும், எந்த வயலுக்கு வாய்க்கால் ஏறும், எத்திடலில் வீடு அமைத்தால் வெள்ளம் அணுகாது என்பன அச்சில அடிகளால் தீர்மானிக்கப்படும். அவ்வூரார் அறிந்திருந்த நுண்மையான நிலவறிவு படத்திற் பதியவில்லை. படம் அந்நிலத்தைத் தட்டையென்றது. உழவர் அதனைத் தட்டையென்று ஒருகாலும் கொண்டதில்லை.

இவ்வாறு குறைகள் பலவாயினும், காலத்தால் வேறுபட்ட தாள்களை ஒப்பிடுமிடத்து மறுக்கவியலாத மாற்றங்கள் வெளிப்படுகின்றன. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902 இல் தொடங்கி 1920 அளவில் நிறைவுற்றது. பின்னர் அதன் கட்டு பன்முறை உயர்த்தப்பட்டது. வடக்கே செல்லும் புகையிரதப் பாதை 1905 இல் தொடர்ச்சியாக இணைந்தது. 1935 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டே, குடாநாட்டின் நெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்கும் பொருட்டுக் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. 1945 இன் பின் டி.டி.ரி. மருந்தின் துணையால் மலேரியா அடங்கியது. வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் புனரமைக்கப்பட்டன. நூல்களில் தனித்தனிச் செய்திகளாகக் கிடக்கும் இவை, படத்தில் ஒரே வடிவமாக இணைகின்றன. பழைய தாளில் காட்டிடையே சிறு புள்ளிகளாகச் சிதறிக் கிடந்த ஊர்கள் ஒவ்வொன்றும் தன் குளத்தைச் சார்ந்திருந்தன. பிந்திய தாளில் குடியிருப்புகள் தெருவையும் வாய்க்காலையும் சார்ந்து நேர்வரிசையாக நீள்கின்றன. ஊரின் அச்சு குளக்கட்டினின்றும் தெருவுக்கு மாறியமை அந்நூற்றாண்டின் பெருமாற்றம் எனலாம். வரண்ட வலயக் குடியேற்றங்களை ஆராய்ந்து பி. எச். பாமர் 1957 இல் எழுதிய நூலைக் கற்போர், அருகே இத்தாள்களையும் வைத்துக் கற்பாராயின் பயன் இரட்டிக்கும்.

ஊர்ப்பெயர்களும் இம்மாற்றத்துக்குச் சான்று பகர்கின்றன. பழைய பெயர்கள் குளம், மோட்டை, மடு, கட்டு, வெளி என்னும் ஈறுகளைப் பெற்று நீரையும் நிலத்தையும் சுட்டுவன. மாங்குளம், முரசுமோட்டை, இரணைமடு ஆகியவை அத்தகையன. குடியேற்றக் காலத்தோடு புரம், நகர் என்னும் ஈறுகள் பெருகின. உருத்திரபுரம், பாரதிபுரம், செல்வாநகர் என்பன அவ்வகையின. முன்னையவை நிலம் இட்ட பெயர்கள். பின்னையவை மனிதர் தம் நினைவையும் பற்றையும் கொண்டு இட்ட பெயர்கள். 1958, 1977 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் இடம்பெயர்ந்து வன்னியை அடைந்தோரும், மலையகத் தோட்டங்களைவிட்டு வந்தோரும் அமைத்த குடியிருப்புகளை ஆராய்வோர்க்குப் பெயரின் ஈறு ஒரு தொடக்கக் குறிப்பாக உதவும். குறிப்பேயன்றி முடிவாகாது, பழைய ஊர் புதுப்பெயர் பெறுவதும் உண்டு.

பெயர்களைப் படித்தலில் ஓர் இடர் உளது. ஓரங்குலப் படத்தில் அவை ஆங்கில எழுத்தில் அச்சிடப்பட்டன. ல, ள, ழ என்னும் வேறுபாட்டையும், ந, ண, ன என்னும் வேறுபாட்டையும், குறில் நெடில் வேறுபாட்டையும் அவ்வெழுத்துகள் காப்பதில்லை. மாங்குளம் என்னும் பெயரை அவ்வெழுத்துகளில் மட்டும் கண்ட ஒருவர் அதனை மான்குளம் எனவோ மண்குளம் எனவோ படித்தல் கூடும். மாமரமும் மானும் மண்ணும் ஒன்றாகிவிடும் இடத்தில் பெயராராய்ச்சி ஊகமாகவே முடியும். இரணைமடு என்பதிலுள்ள 'இரணை' இரட்டை என்னும் பொருளது. ஆங்கில வடிவில் ஐகாரம் அகரமாகத் தேய்ந்தமையால் அப்பொருள் மறைந்தது. வேறு சில இடங்களில் பெயரே மாற்றுருப் பெற்றது. மன்னாரிலுள்ள கட்டுக்கரைக் குளம் படத்தில் அரக்கனின் குளம் என்னும் பொருள்பட்ட ஆங்கிலப் பெயரைத் தாங்கியது. பருத்தித்துறையும் நெடுந்தீவும் ஊர்காவற்றுறையும் அந்நியர் வழங்கிய பெயர்களாலேயே அறியப்பட்டன. படத்தின் பெயரை ஊராரிடம் கேட்டுச் சரிபார்க்காத ஆராய்ச்சி நிறைவுடையதாகாது. அப்பெயர்களைச் சரியாக ஒலிக்க வல்ல முதியோர் நாளுக்குநாள் குறைந்து வருதலின் இது காலந்தாழ்த்தத் தகாத பணியுமாகும்.

படத்தின் ஆண்டும் எளிதான பொருளன்று. அளவை செய்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என மூன்று உள. திருத்தம் என்பது தாள் முழுவதற்கும் ஒரே வகையாகச் செய்யப்படுவதன்று. தெருக்களும் பாலங்களும் புதுக்கப்பட, காட்டின் எல்லையும் சிற்றூர்களும் பழையபடியே விடப்படுதல் கூடும். வன்னிப் புகையிரதப் பாதை இதற்குத் தக்க சான்று. 1990 இல் வவுனியாவிற்கு வடக்கே சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் அகற்றப்பட்டன. 2014 இலேயே யாழ்ப்பாணம் வரை மீண்டும் வண்டி ஓடியது. அதற்கு முன் அச்சிட்ட தாளும் அதற்குப் பின் அச்சிட்ட தாளும் ஒரே பாதையை ஒரே கோட்டாற் காட்டும். இவ்விரு படங்களை மட்டும் ஒப்பிடுவோர், இடையில் எதுவும் நிகழவில்லை என்றே கொள்வர். ஒரு தலைமுறையின் துன்பம் இரு தாள்களின் ஒற்றுமைக்குள் மறைந்துவிடும். ஒப்பீட்டில் வேறுபாடு காணாமை மாறாமைக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

2009 இல் போர் முடிந்த பின் பழைய படங்கள் புதியதொரு பொறுப்பைப் பெற்றன. பன்முறை இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்கள் பல, தம் காணி உறுதிகளையும் அனுமதிப் பத்திரங்களையும் இழந்திருந்தன. பல ஆண்டு உழவற்றுக் கிடந்த வயல்களில் பற்றையும் மரமும் வளர்ந்துவிட்டன. விமானத்திலிருந்தோ செயற்கைக்கோளிலிருந்தோ எடுத்த அண்மைக்கால ஒளிப்படம் அவற்றைக் காடெனவே காட்டும். அந்நிலம் காடா, காடேறிய வயலா என்னும் வினா ஒரு குடும்பத்தின் வாழ்வையே தீர்மானிப்பது. அங்கே 1980 களுக்கு முற்பட்ட இடவிளக்கப் படத்தில் வயற்குறியீடு காணப்படுமாயின், அது வலிமையான சான்றாகும். ஆனால் அதே படம் மறுபக்கமும் வெட்டும். சேனைக்கு உரியதாய் இருந்து அளவையாண்டில் காடாகத் தோன்றிய நிலத்திற்கு அப்படம் எதிர்ச்சான்றாகக் கொள்ளப்படலாம். முன்னர்க் கூறிய குறைகள் ஏட்டளவிலான நுணுக்கங்கள் அல்ல என்பது இதனால் விளங்கும். படத்தை அளவறிந்து நம்பத் தெரியாதவிடத்துப் பாதிக்கப்படுவோர் ஆராய்ச்சியாளரல்லர், உழவரே.

ஆகவே, படத்தோடு பிற சான்றுகளையும் இணைத்தல் இன்றியமையாதது. ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், ஓரங்குலப் படத்துக்குச் சற்று முற்பட்ட நிலையை எழுத்தில் தருகின்றது. குடிசன மதிப்பு அறிக்கைகள், நீர்ப்பாசனப் பதிவுகள், கோயில்களிலுள்ள கணக்குகள், 1956 இல் கொழும்புத் திட்டத்தின்கீழ் எடுத்த விமான ஒளிப்படங்கள் ஆகியன உள. எல்லாவற்றிற்கும் மேலாக ஊராரின் நினைவு உளது. லீச் 1954 இல் வடமத்திய மாகாணத்துப் புல் எலிய என்னும் குளக்கிராமத்தில் தங்கி ஆராய்ந்து, பழைய வரிப்பதிவுகளையும் நில அளவைகளையும் தாம் களத்திற் கண்டவற்றோடு பொருத்தி 1961 இல் நூலாக்கினார். மாந்தர் மாறினும் குளமும் வயலின் வகுப்பும் நிலைத்து நின்று அவர்தம் உறவுகளை வரையறுக்கும் என்பது அவர் கண்ட முடிவு. குளக்கிராமத்தின் உறுதிப்பாட்டை வலியுறுத்திய அம்முடிவு, குளம் பெருகிக் குடியேற்றம் புகுந்த கிளிநொச்சிக்கும் போர் கலைத்த சிற்றூர்களுக்கும் எவ்வளவு பொருந்தும் என்பது தனியே ஆராயற்பாலது. அதற்குரிய அடிப்படைச் சான்று பழைய தாள்களிலேயே உளது.

இவ்வாராய்ச்சி பல்கலைக்கழகத்தார்க்கு மட்டும் உரியதன்று. உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் தம் ஊரைச் சூழ்ந்த இரண்டு மைற் சதுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதனைச் செய்யலாம். பழைய தாளும் புதிய தாளும் வெவ்வேறு அளவுத்திட்டத்தின ஆதலின், முதலில் இரண்டையும் ஒரே அளவுத்திட்டத்திற்குக் கொணர்தல் வேண்டும். குளக்கட்டு, பழந்தெருச் சந்தி, கோயில் போன்ற மாறா இடங்களைப் பொருத்துப் புள்ளிகளாகக் கொண்டு மேற்றாளில் குளம், வயல், காடு, குடியிருப்பு, தெரு ஆகியவற்றைத் தனித்தனியே பதிதல் வேண்டும். சிறு சதுரங்களை எண்ணிப் பரப்பை மதிப்பிடலாம். ஒவ்வொரு தாளிலும் குறிவிளக்கத்தையும் மூன்று ஆண்டுகளையும் முதலிற் குறித்துக்கொள்ளாது ஒப்பீட்டைத் தொடங்கலாகாது. இறுதியில், வேறுபாடு தோன்றிய இடங்களுக்கு நடந்து சென்று, கட்டின் மேல் நின்று, முதியோரை வினாவித் தெளிதல் வேண்டும். வீட்டில் தொடங்கிய ஆய்வு வயலில் முடியாதாயின் அது பாதியாய்வே.

பழைய இடவிளக்கப் படம் பொய் கூறுவதற்காக வரையப்பட்டதன்று. முழு உண்மையையும் கூறுவதற்காகவும் வரையப்பட்டதன்று. ஒரு குறித்த ஆண்டில், குறித்த விதிகளுக்கு அமைய, குறித்த நோக்கத்துடன் கண்டவற்றை அது பதிந்து வைத்தது. வன்னியில் அது பதிந்த குளங்களுட் சில இன்று நிறைந்து நிற்கின்றன, சில தூர்ந்துவிட்டன, சிலவற்றின் பெயரை மட்டும் தாள் காத்து நிற்கின்றது. அப்பெயரைச் சரியாகப் படித்து, அவ்விடத்தைச் சென்று கண்டு, அங்கு வாழ்ந்தோர் யாவர் எனக் கேட்டறிவோர்க்கே நிலத்தோடு பொழுதும் புலனாகும்.